பஸ்ஸர் தூண்டில்: ஏரி ட்ரவுட்டை அதன் அன்றாட உணவால் பிடிக்கும் முறை

இங்கிலாந்தின் நீர்த்தேக்கங்களில் ஏப்ரல், மே மாதங்களில் பிடிபடும் ட்ரவுட் மீனின் இரைப்பையைத் திறந்து பார்த்தால், அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ நீளமுள்ள, வளைந்த, கருநிறக் கூட்டுப்புழுக்களே பெரும்பாலும் நிறைந்திருக்கும். சில மீன்களில் அவை நூற்றுக்கணக்கில் இருப்பதும் உண்டு. கைரோனமிட் என்னும் பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. தோற்றத்தில் கொசுவை ஒத்திருந்தும் கடிக்காத இந்தப் பூச்சிகள் கரையோர மரங்களின் மேல் கூட்டமாகப் பறக்கும்போது எழும் ரீங்காரத்தை வைத்துப் பிரிட்டன் தூண்டில்காரர்கள் அவற்றை பஸ்ஸர் என்று அழைக்கிறார்கள். பறக்கும் பூச்சியும், அதன் கூட்டுப்புழுவும், அந்தக் கூட்டுப்புழுவின் சாயலில் தூண்டில் முள்ளின் மீது நூலும் இறகும் சுற்றிக் கட்டப்படும் போலியும் இன்று அந்த ஒரே பெயரால்தான் வழங்குகின்றன.

ஃபிளை ஃபிஷிங் என்பதே புதிதாக இருக்கும் வாசகருக்கு ஓர் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். மண்புழுவையோ மாவுருண்டையையோ முள்ளில் கோத்து எறியும் தூண்டிலில், எறிவதற்கு வேண்டிய எடை முனையில் இருக்கிறது. ஃபிளை ஃபிஷிங்கில் அந்த எடை, பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த லைனில் இருக்கிறது. ஃபிளை எனப்படும், ஏறத்தாழ எடையே இல்லாத போலிப் பூச்சியை அந்த லைன்தான் காற்றில் விரிந்து சுமந்து சென்று நீரில் இடுகிறது. லைனின் நுனிக்கும் ஃபிளைக்கும் இடையே லீடர் எனப்படும் மெல்லிய, எளிதில் கண்ணுக்குப் படாத இழை இருக்கும். மீன் தன் கண்ணால் பார்த்து உணவென்று நம்பியே ஃபிளையை வாயில் எடுக்கிறது. வாசனையோ சுவையோ இதில் தூண்டில்காரருக்கு உதவுவதில்லை.

பஸ்ஸர் தூண்டிலுக்குப் புதிதாக வருபவர்கள் வழக்கமாக முதலில் கேட்பது எந்த நிற ஃபிளை, எந்தப் பெயருள்ள ஃபிளை என்பதைத்தான். என் கருத்தில் அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. மீன் எந்த ஆழத்தில் உண்டுகொண்டிருக்கிறது, அந்த ஆழத்தில் நம் ஃபிளையை எவ்வளவு நேரம் நிறுத்திவைக்க முடியும் என்ற இரண்டும் தெரிந்தவர், சாதாரணக் கருப்பு ஃபிளை ஒன்றை வைத்துக்கொண்டே நாள் முழுவதும் மீன் பிடிப்பார். அது ஏன் என்பது அந்தப் பூச்சியின் வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும்.

பெண் பூச்சி நீர்ப்பரப்பில் கூழ் போன்ற திரளாக முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் புழுக்கள் அடியில் உள்ள சேற்றுக்கு இறங்கி, சேற்றுத் துகள்களைப் பின்னி மெல்லிய குழாய்கள் அமைத்து அவற்றுக்குள் வாழ்கின்றன. சேற்றுக்குள் ஆக்சிஜன் குறைவு; அதைச் சமாளிக்க இவற்றுள் பல இனங்கள் நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபினைக் கொண்டிருப்பதால் அவற்றின் உடல் செக்கச்சிவந்திருக்கும். வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கடையில் உறையவைத்த கட்டியாகவோ உலர்த்திய தீவனமாகவோ வாங்கும் பிளட்வார்ம் இந்தப் புழுதான். ஆகவே இந்தப் பூச்சி தமிழ்நாட்டு வாசகருக்கு முற்றிலும் அறியாத ஒன்றல்ல.

வளர்ந்த புழு அந்தக் குழாய்க்குள்ளேயே கூட்டுப்புழுவாக மாறுகிறது. உள்ளே பூச்சி முழுமை பெற்றதும், தோலுக்கு அடியில் வாயு சேர்ந்து உடலை இலேசாக்க, கூட்டுப்புழு சேற்றை விட்டு மேல் நோக்கிப் புறப்படுகிறது. தூண்டில்காரருக்கு முக்கியமானது இந்தப் பயணமே. அது நேராக, விரைவாக மேலே வருவதில்லை. சற்று நெளிந்து ஏறும், களைத்ததுபோல் நிற்கும், நின்ற இடத்திலேயே மிதக்கும், சில நேரம் கொஞ்சம் கீழிறங்கவும் செய்யும், பிறகு மீண்டும் நெளியும். பதினைந்து அடி ஆழத்தைக் கடக்க அதற்கு நெடுநேரம் பிடிக்கிறது. அந்த நேரம் முழுவதும் அதற்கு ஓடி ஒளிய வழியில்லை, எதிர்க்க ஆயுதமும் இல்லை.

மேற்பரப்பை அடைந்ததும் மற்றொரு தடை காத்திருக்கிறது. நீரின் மேல் மென்படலத்தைத் துளைத்தால்தான் பூச்சி வெளிவர முடியும். தலைப்பகுதியில் உள்ள வெண்ணிறச் சுவாச இழைகள் மேலே தெரிய, உடல் கால்புள்ளி போல வளைந்து கீழே தொங்க, கூட்டுப்புழு அந்தப் படலத்துக்கு அடியில் சிறிது நேரம் நிற்கிறது. பின்னர் முதுகுத்தோல் பிளந்து, பூச்சி மேலேறி நின்று, சிறகு உலர்ந்ததும் பறந்துவிடுகிறது. வெற்றுத் தோல் நீரில் மிதக்கும். காலையில் கரையோரம் இத்தகைய தோல்கள் ஒதுங்கியிருந்தால் முந்தைய மாலையிலோ இரவிலோ பூச்சிகள் பெருமளவில் வெளிவந்திருக்கின்றன என்று அறியலாம். சிற்றலை இருக்கும் நாளில் படலம் கலைந்துகொண்டே இருப்பதால் பூச்சி விரைவாக வெளியேறும். காற்றே இல்லாமல் நீர் கண்ணாடியாகக் கிடக்கும் மாலைகளில் அவை படலத்தின் அடியிலேயே நீண்ட நேரம் சிக்கிக் கிடக்கும் என்பது அனுபவசாலிகளின் கணிப்பு.

இனி மீனின் பக்கம் நின்று பார்ப்போம். ஆற்றில் வாழும் ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து ஓரிடத்தில் நிற்கும். உணவு தானே அதனிடம் அடித்துவரப்படும். ஏரியில் ஓட்டம் இல்லை. ஆகவே மீன்தான் உணவைத் தேடிச் சுற்றி வர வேண்டும். கூட்டுப்புழுக்கள் அசையாமல் தொங்கும் நீரடுக்கைக் கண்டுகொண்ட ட்ரவுட், அந்த ஆழத்தை விட்டு ஏறவும் இறங்கவும் செய்யாமல், நிதானமாக நீந்தியபடியே ஒவ்வொன்றாக வாய்க்குள் உறிஞ்சிக்கொள்ளும். துரத்த வேண்டியதில்லாத உணவுக்கு எந்த மீனும் வேகம் காட்டாது. தன் தலைக்கு நான்கு அடி கீழே செல்லும் ஃபிளையை அது பார்க்காமலே போகலாம். தன் மட்டத்தில் வந்தாலும், மற்றவையெல்லாம் நின்றிருக்க ஒன்று மட்டும் ஓடினால் அதை ஐயத்தோடு விட்டுவிடலாம். பஸ்ஸர் தூண்டிலின் நுட்பங்கள் அனைத்தும் இந்த இரண்டு நடத்தைகளுக்கான பதில்களே.

பிரிட்டன் ஏரிகளில் இரண்டு ட்ரவுட்கள் முக்கியமானவை. பழுப்பு ட்ரவுட் அந்நாட்டுக்கு இயல்பானது. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவரப்பட்ட வானவில் ட்ரவுட் பண்ணைகளில் வளர்க்கப்பட்டு நீர்த்தேக்கங்களில் விடப்படுகிறது. நீலகிரியின் அவலாஞ்சியில் ஆங்கிலேயர் காலத்தில் அமைந்த பொரிப்பகத்தால் நம் மலைகளுக்கு வந்து சேர்ந்ததும் இந்த வானவில் இனமே. பஸ்ஸரை விரும்பி உண்பதில் இரண்டு இனங்களுக்கும் வேறுபாடு இல்லை.

இந்த முறைக்கு ஒரு பிறப்பிடத்தைச் சொல்ல வேண்டுமானால் பிளாக்டன் ஏரியைச் சொல்லலாம். பிரிஸ்டல் நகரின் குடிநீருக்காக மெண்டிப் குன்றுகளின் அடிவாரத்தில் அமைக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கத்தில் 1904-இல் ட்ரவுட் தூண்டில் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் அங்கு வந்தவர்கள் சால்மன் மீனுக்குப் பயன்படுத்திய பெரிய, பகட்டான ஃபிளைகளையே எறிந்தார்கள். அந்த வட்டாரத்தில் மருத்துவராக இருந்த டாக்டர் பெல், தான் பிடித்த மீன்களின் இரைப்பையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்து அதைப் போலவே சிறிய ஃபிளைகளைக் கட்டத் தொடங்கினார். அப்படி உருவானவற்றுள் ஒன்று பிளாக்டன் பஸ்ஸர். பின்னாளில், 1966-இல் தூண்டிலுக்குத் திறக்கப்பட்ட கிராஃபம் வாட்டர் போன்ற பெரிய நீர்த்தேக்கங்களில் ஆர்தர் கோவ் என்பவர், நீண்ட லீடரில் ஃபெசன்ட் பறவையின் வால் இறகால் கட்டிய எளிய ஃபிளைகளை இழுத்தும் இழுக்காததுமாக மீன்பிடித்துக் காட்டிப் புகழ்பெற்றார். வேகமாக இழுத்தால்தான் மீன் துரத்தும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய மாற்றம். பிளாக்டனுக்குப் பக்கத்திலேயே உள்ள செவ் பள்ளத்தாக்கு ஏரியும், சுமார் 3,000 ஏக்கர் பரப்புள்ள ரட்லண்ட் வாட்டரும் இன்று பஸ்ஸர் தூண்டிலுக்குப் பெயர்பெற்றவை. அயர்லாந்தின் லாஃப் கோரிப் போன்ற ஏரிகளில் பருவத் தொடக்கத்தில் வெளிவரும் இதே பூச்சியை டக் ஃபிளை என்கிறார்கள்.

இன்றைய பஸ்ஸர் ஃபிளை பார்ப்பதற்கு எளிமையானது, அதன் வெற்றியும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. வளைந்த முள்ளின் மீது ஒரே அடுக்காக, மெலிதாக நூல் சுற்றப்படுகிறது. அதன் மேல் வெள்ளிக் கம்பியோ, மயில் இறகுக் காம்பிலிருந்து உரித்த பட்டையோ இடைவெளி விட்டுச் சுற்றினால் கூட்டுப்புழுவின் வயிற்று வளையங்கள் தெரியும். தலைப்பக்கம் சற்றுத் தடிப்பாக்கி, இருபுறமும் ஆரஞ்சு நிறக் கீற்று வைப்பது வழக்கம். வெளிவரும் நிலையில் உள்ள பல கூட்டுப்புழுக்களின் சிறகு மொட்டுகள் அந்த நிறத்தில் இருப்பதே காரணம். உச்சியில் சுவாச இழைகளுக்காகச் சிறு வெண் குஞ்சம். எல்லாவற்றின் மேலும் எபாக்ஸியோ புறஊதா ஒளியில் இறுகும் பிசினோ பூசுவார்கள். இந்தப் பூச்சு அழகுக்கானது மட்டுமன்று: வழவழப்பான உடல் நீரைக் கிழித்துக்கொண்டு விரைவாக இறங்கும், இறகு செறிந்த உடல் தயங்கித் தயங்கி இறங்கும். ஆகையால் ஒரே நிறத்தில் தடித்த முள்ளும் பூச்சும் உள்ள ஒன்று, மெல்லிய முள்ளில் பூச்சில்லாத ஒன்று என்று வைத்துக்கொள்பவர், பத்து நிறங்கள் வாங்கியவரைவிட நன்றாக ஆயத்தமானவர். முள்ளின் அளவு 10 முதல் 16 வரை போதும். இந்தக் கணக்கில் எண் கூடக் கூட முள் சிறியதாகும்.

கருவிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய நீர்த்தேக்கங்களுக்கு 10 அடி நீளமுள்ள, 6 அல்லது 7-ஆம் எண் லைனுக்கான கோலும், மிதக்கும் லைனும் பொருத்தமானவை. லீடருக்கு 6 முதல் 8 பவுண்டு வரை தாங்கும் ஃப்ளோரோகார்பன் இழை நல்லது. அது சாதாரண நைலானைவிட அடர்த்தி மிகுந்ததால் மூழ்கும். ஆனால் கை எண்ணெய் பட்ட இழை நீர்ப்படலத்தின் மேல் கிடந்து, மேலிருந்து ஒளி விழும்போது அடியில் கோடாகத் தெரியும். அதைத் துடைக்க, நம் வீடுகளில் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியைப் பாத்திரம் கழுவும் திரவத்தோடும் கிளிசரினோடும் பிசைந்த களிம்பையே அங்குள்ளவர்கள் பயன்படுத்துகிறார்கள். இங்கிலாந்தில் 13 வயது நிரம்பிய எவருக்கும் தூண்டில் உரிமம் வேண்டும். அதோடு அந்தந்த நீர்நிலையின் அனுமதிச்சீட்டும் வாங்க வேண்டும்.

லீடரில் மூன்று ஃபிளைகள் கட்டுவது அனுபவசாலிகளின் வழக்கம்: நுனியில் ஒன்று, அதற்கு மேல் ஐந்தடி இடைவெளியில் டிராப்பர் எனப்படும் குறுங்கிளைகளில் இரண்டு. இதனால் லீடர் 15 முதல் 18 அடி வரை நீளும். எறிந்து பழகாதவர் கையில் இது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சிக்காகும் என்பதால், தொடக்கத்தில் இரண்டு ஃபிளைகளோடு, 12 அடி லீடரோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. கனமானது நுனியில் இருக்கட்டும். அது ஆழத்துக்கு இறங்கும்போது மேலுள்ளது அதற்கு இடைப்பட்ட மட்டத்தில் தங்கும். ஒரே எறிதலில் இரண்டு ஆழங்களைத் தேட இந்த ஏற்பாடு உதவுகிறது.

எங்கே நிற்பது, எந்தத் திசையில் எறிவது என்பவற்றைக் காற்று தீர்மானிக்கிறது. முகத்தில் அடிக்கும் காற்றும், முதுகில் நேராக அடிக்கும் காற்றும் பஸ்ஸருக்கு அவ்வளவாக உதவா. பக்கவாட்டில் வீசும் காற்றே சிறந்தது. வலக்கையால் எறிபவருக்கு அது இடப்புறத்திலிருந்து வருவது பாதுகாப்பும்கூட, ஏனெனில் காற்று ஃபிளையை முகத்தை விட்டு விலக்கியே கொண்டுபோகும். காற்றுக்குக் குறுக்காக எறிந்ததும், மிதக்கும் லைன் மேற்பரப்பின் நகர்வோடு மெல்ல வளைந்து, பெரிய வில்லாகச் சுழன்று கரை நோக்கி வரும். ஃபிளைகளும் அதே மந்த வேகத்தில் குறுக்காக நகரும். இந்த நகர்வே போதுமானது. தூண்டில்காரர் செய்ய வேண்டியது, விரல்களில் எட்டு வடிவமாக லைனைச் சுருட்டும் முறையில் தொய்வை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பதே. லைனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வர வேண்டும் என்ற ஆசையை அடக்குவதுதான் இதில் கடினமான பாடம். இழுக்கும் ஒவ்வொரு முறையும், இறங்கிக்கொண்டிருந்த ஃபிளை மேலே ஏறிவிடுகிறது. கையை அசைக்காமல் நிற்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதாகத் தோன்றும். கரையில் நிற்கும் புதியவர்கள் பலர் அந்தத் தோற்றத்துக்கு வெட்கப்பட்டே மீனை இழக்கிறார்கள்.

ஆழத்தைக் கண்டுபிடிக்க எண்ணுவதுதான் வழி. ஃபிளைகள் நீரில் விழுந்ததும் மனத்துக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத் தொய்வை எடுக்கத் தொடங்க வேண்டும். மீன் தொடாவிட்டால் அடுத்த எறிதலில் இருபது, அதற்கடுத்து முப்பது என்று நீட்டிப் பார்க்க வேண்டும். எந்த எண்ணிக்கையில் மீன் தொட்டதோ, பிடிபட்டது நுனி ஃபிளையிலா மேல் ஃபிளையிலா என்று குறித்துக்கொண்டு, அதே எண்ணிக்கையைத் திரும்பச் செய்ய வேண்டும். பகல் ஏற ஏறக் கூட்டுப்புழுக்களின் கூட்டம் மேலெழும்புவதால் காலையில் நாற்பது வரை எண்ண வேண்டியிருந்த அதே இடத்தில் மாலையில் எண்ணவே வேண்டியிராது. பத்து முதல் இருபது அடி வரை ஆழமுள்ள, சேறு படிந்த விரிகுடாக்களில் பெரும்பாலும் இந்தப் பூச்சிகள் செறிந்திருக்கும்.

மீன் எடுத்ததை அறிவது தனிக்கலை. நிதானமாக உண்ணும் மீன் என்பதால் பெரும்பாலும் வெடுக்கென்ற இழுப்பு இருக்காது. லைன் நகர்வது சற்று நிற்கும், அல்லது கோலின் நுனிக்கும் நீருக்கும் இடையே தொங்கும் லைனின் வளைவு கொஞ்சம் நேராகும். கோலைச் சற்று உயர்த்திப் பிடித்து அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருப்பது மிகப் பயனுள்ள பழக்கம். நேராகத் தொடங்கியதும் கோலை நிதானமாகத் தூக்கினால் போதும். மெல்லிய இழையும் எதிர்த்திசையில் திரும்பும் மீனும் சேரும்போது, பலமாக வெட்டி இழுப்பது லீடரை அறுத்துவிடும்.

இந்தச் சிரமத்தைத் தவிர்க்கப் பலர் லீடரின் மேல் முனையில் தக்கை போன்ற ஒரு மிதப்பைக் கட்டுகிறார்கள். பிரிட்டனில் இதற்கு பங் என்று பெயர். மிதப்புக்குக் கீழே ஃபிளை எத்தனை அடியில் தொங்க வேண்டுமோ அத்தனை அடியில் துல்லியமாகத் தொங்கும்; மிதப்பு அமிழ்ந்தால் மீன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கம்லூப்ஸ் பகுதி ஏரிகளில் கைரோனமிட் தூண்டில் என்றாலே பெரும்பாலும் இதுதான்; அங்கு இருபது அடிக்கும் கீழே ஃபிளையைத் தொங்கவிடுவதுண்டு. பிரிட்டனிலோ இது ஃபிளை ஃபிஷிங்தானா என்ற சர்ச்சை ஓயவில்லை. சில நீர்நிலைகளும் போட்டிகளும் இதை அனுமதிப்பதுமில்லை. கற்பவருக்கு இது தீங்கில்லை என்றே நினைக்கிறேன், ஏனெனில் ஆழம் எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. ஆனால் லைனின் வளைவைப் படிக்கக் கற்காமல் ஆண்டுக்கணக்கில் மிதப்பையே பார்த்துக்கொண்டிருப்பவர், அது தடைசெய்யப்பட்ட ஏரியில் கண்ணில்லாதவராகிவிடுவார்.

மீன்கள் மேல் நான்கைந்து அடிக்குள் இருக்கும்போது வாஷிங் லைன் என்னும் ஏற்பாடு கைகொடுக்கும். நுனியில் இரு நுரைக் கண்கள் வைத்த, மிதக்கும் பூபி ஃபிளையைக் கட்டி, டிராப்பர்களில் பஸ்ஸர்களைத் தொங்கவிடுவார்கள்; ஒருபுறம் மிதக்கும் லைன், மறுபுறம் மிதக்கும் பூபி, நடுவில் பஸ்ஸர்கள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நீண்ட நேரம் நிற்கும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மார்ச், ஏப்ரலில் பெரிய கருநிறப் பூச்சிகளும், மே மாதத்தை ஒட்டி ஆலிவ் பச்சையும், கோடையில் சிவப்பு, பழுப்பு, பச்சை எனப் பலவும் வெளிவரும். கருப்பு, ஆலிவ், சிவப்பு என்ற மூன்றையும் இரண்டு அளவுகளில் வைத்திருப்பவருக்கு வேறெதுவும் உடனடியாகத் தேவைப்படாது. அமைதியான மாலையில் மீன்கள் முதுகும் வாலும் மட்டும் தெரிய மேற்பரப்பில் புரண்டுகொண்டிருந்தால், அவை படலத்துக்கு அடியில் சிக்கிய கூட்டுப்புழுக்களை எடுக்கின்றன. அப்போது கனமான ஃபிளைகளைக் கழற்றிவிட்டு, ஷிப்மன்ஸ் பஸ்ஸர் போல் பரப்பிலேயே கிடக்கும் ஒன்றைக் கட்டி, புரளும் மீன் செல்லும் திசைக்கு ஓரிரு கெஜம் முன்னால் இட்டு, தொடாமல் விட்டுவிட வேண்டும். மீன்கள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே நகரும் என்பதால் அடுத்து எங்கே புரளும் என்று ஊகிப்பது கடினமல்ல.

உணவுக்காக ஒரு மீனை வைத்துக்கொள்பவர்கள், நீண்டு ஒடுங்கிய மாரோ ஸ்பூனை அதன் தொண்டை வழியே இரைப்பைக்குள் செலுத்தித் திருகி எடுத்து, வந்ததை வெள்ளைக் கிண்ணத்தில் உள்ள நீரில் கலக்கிப் பார்ப்பார்கள். டாக்டர் பெல் செய்ததும் ஏறத்தாழ இதுதான். கொல்லப்பட்ட மீனில் மட்டுமே இதைச் செய்யலாம். கிண்ணத்தில் கூட்டுப்புழுக்களின் நிறமும் அளவும் தெரியும். அவற்றுள் சில இன்னும் நெளிந்துகொண்டிருந்தால் மீன் சற்றுமுன்தான் அவற்றை உண்டது என்று பொருள். அந்த அளவிலும் நிறத்திலும் உள்ள ஃபிளையைக் கட்டி, அந்த மீன் எந்த எண்ணிக்கையில் பிடிபட்டதோ அதே எண்ணிக்கைக்கு உடனே மறுபடி எறியலாம்.